குவில்ட்டுக்குப் பின்பக்கம் பளிச்னு, அகலமா, ஒரே துண்டா வேணும்னா

நீங்க கேட்டத நான் புரிஞ்சுகிட்ட மாதிரி ஒரு தடவ சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. 92க்கு 100 இஞ்ச்ல கருப்பு, ஆரஞ்சு, வெள்ளைல ஒரு குவில்ட் டாப், அதாவது மூணு அடுக்கு போர்வையோட மேல் துணி, முடிச்சு வச்சிருக்கீங்க. பின்பக்கத்துக்கு நடுவுல ஜாயிண்ட் வராம ஒரே துண்டா துணி போடணும். 108 இஞ்ச் அகலத் துணினு தேடினா வெளிர் சாம்பல்ல கொடி, கிரீம்ல புள்ளி, அதுக்கு மேல எதுவும் கண்ல படல. பளிச்னு பெரிய பூவோட எங்க கிடைக்கும், கிடைக்கலேனா பெட்ஷீட்ட வச்சு தச்சிடலாமானு கேட்டிருக்கீங்க. எங்க தேடறதுங்கறது சின்ன பதில், அத முதல்லயே சொல்லிடறேன். ஆனா தேடிக் கிடைச்சது உங்க டாப்புக்கு நெஜமாவே பத்துமா, துவைச்சா ஒழுங்கா இருக்குமாங்கறதுதான் பெரிய விஷயம், நிறைய பேர் காசு விடறது அங்கதான். நான் 11 வருஷமா லாங்ஆர்ம் மெஷின்ல (துணிய ரோலர்ல சுத்தி இழுத்து வச்சு தைக்கற பெரிய மெஷின்) மத்தவங்க டாப்ப குவில்ட் பண்ணிக் குடுக்கறேன், என் ரோலர்ல ஏறி இறங்கின பேக்கிங்ல, அதாவது பின்பக்கத் துணில, பாத்தத வச்சு சொல்றேன். கையால குவில்ட் பண்றதுல எனக்கு அனுபவம் கம்மி, அந்த இடம் வரும்போது சொல்றேன்.

முதல்ல ஏன் எல்லாம் வெளிறிப் போயே வருதுங்கறது புரிஞ்சா தேடறது சுலபம். சாதாரண குவில்ட்டிங் காட்டன் 44 இஞ்ச் அகலம், அத நெய்யற தறி, அச்சடிக்கற மெஷின் எல்லாம் அந்த அளவுக்கு. 108 இஞ்ச்னா கிட்டத்தட்ட 274 சென்டிமீட்டர், அதுக்கு படுக்கை விரிப்பு நெய்யற மாதிரி அகலத் தறியும் அதே அகலத்துக்கு பிரிண்டிங் மெஷினும் வேணும். ரோட்டரி ஸ்க்ரீன் பிரிண்டிங்ல ஒரு கலருக்கு ஒரு ஸ்க்ரீன், பத்து கலர் டிசைன்னா பத்து ஸ்க்ரீன், அதையும் அவ்ளோ அகலத்துக்கு செய்யணும். அதனால அகலத் துணினா ரெண்டு மூணு கலர்ல முடிச்சுக்கறதுதான் கம்பெனிக்கு லாபம். கடைக்காரங்க பக்கம் இன்னொரு கணக்கு, அகலத் துணி போல்ட் (அட்டைல சுத்தின முழுத் துணி) கனம், இடம் அடைக்கும், ஒண்ணு வாங்கி வச்சா எந்த டாப்போடயும் போகணும்னு பாப்பாங்க. எதோடயும் போற கலர்னா சாம்பல், கிரீம், வெள்ளைல வெள்ளை. பளிச்னு வர்றது எப்பவும் ஒரு கலெக்‌ஷனோட சேந்துதான் வரும், கொஞ்சமா அடிப்பாங்க, தீந்தா தீந்ததுதான்.

அதனால "பேக்கிங்"னு தேடாதீங்க, டிசைனர் பேரையும் 108ங்கற நம்பரையும் சேத்து தேடுங்க. ஃப்ரீஸ்பிரிட்ங்கற துணி கம்பெனில கேஃப் ஃபாசெட், டூலா பிங்க் ரெண்டு பேர் டிசைனும் 108 இஞ்ச்ல வந்திருக்கு, அழுத்தமான கலர்னா நான் முதல்ல பாக்கறது அங்கதான். ரூபி ஸ்டார் சொசைட்டியும் அகலத் துணி போடறாங்க, கொஞ்சம் மாடர்ன் லுக். பூ வேண்டாம், கலர் மட்டும் அடிச்சு நின்னா போதும்னா மோடாவோட கிரஞ்ச் 108 இஞ்ச்லயே பல கலர்ல இருக்கு, அது பிரிண்ட்டுனு சொல்றத விட பூசின சுவர் மாதிரி ஒரு மேடு பள்ளம், ஆரஞ்சு மாதிரி கலர்ல அது பின்னாடி நின்னா கண்ணு அங்கயே போகும். தேடும்போது ஒரே வார்த்தைல நிக்காதீங்க, வைட்பேக், குவில்ட் பேக், எக்ஸ்ட்ரா வைட்னு கடைக்குக் கடை பேர் மாத்தி வச்சிருப்பாங்க, சில கடைல சென்டிமீட்டர்ல 270, 275, 280னு போட்டிருப்பாங்க, நீங்க 108னு அடிச்சா அது வரவே வராது. அகலத்த வச்சு ஃபில்டர் பண்ற வசதி இருந்தா பேக்கிங் பிரிவுக்குள்ள போகாம அந்த ஃபில்டர மட்டும் போட்டு எல்லாத் துணியையும் பாருங்க, படுக்கை விரிப்புத் துணினு வேற பிரிவுல கிடக்கறதும் மேல வந்துடும்.

இப்ப ஒரு கேள்வி உங்களுக்கு. பளிச்னா கலரா, சைஸா? ரெண்டும் வேற. கடை போட்டோல பூ பெருசா தெரியும், கைக்கு வந்தா மூணு இஞ்ச் பூ. கட்டில் முழுக்க விரிச்சு ஆறடி தள்ளி நின்னு பாத்தா மூணு இஞ்ச் பூவெல்லாம் ஒண்ணா கலந்து ஒரு மங்கல் கலராத்தான் தெரியும், அதுல கருப்பு இருந்தாலும் ஆரஞ்சு இருந்தாலும் பழுப்படிச்ச மாதிரி இருக்கும். அதனால படத்த பாத்து வாங்காதீங்க, ரிப்பீட் எவ்ளோனு கேளுங்க, அதாவது டிசைன் எத்தனை இஞ்ச்சுக்கு ஒரு தடவ திரும்ப வருதுனு. நல்ல கடைனா படத்துலயே ஓரமா ஸ்கேல் வச்சிருப்பாங்க. ரோட்டரி ஸ்க்ரீனோட சுத்தளவு பொதுவா 64 சென்டிமீட்டர், அதனால அந்த முறைல அடிச்ச துணில நீளவாக்குல ரிப்பீட் அதிகபட்சம் 25 இஞ்ச் சுத்தி இருக்கும், 12, 8னு அதோட பங்காவும் வரும். 24, 25னு போட்டிருந்தா உள்ள பெரிய பூவுக்கு இடம் இருக்குனு அர்த்தம். என் கண்ணுக்கு பூ ஒண்ணு எட்டு இஞ்ச்சாவது இருந்தாதான் கட்டில் சைஸ்ல பெருசுனு சொல்வேன், இது ருசி விஷயம், சட்டம் இல்ல. ஒரு நியூஸ்பேப்பர்ல அந்த சைஸுக்கு வட்டம் வெட்டி கட்டில் மேல போட்டு வாசல்ல நின்னு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை, அதுலயே முடிவு தெரிஞ்சிடும்.

அடுத்தது அகலம், தயவுசெஞ்சு இத மட்டும் நிதானமா படிங்க. 108னு போட்டிருந்தா 108 கைல வராது. ரெண்டு பக்கமும் கரை இருக்கும், அத விட்டா உபயோகப்படறது 106, 106.5 இருக்கும். துவைச்சா காட்டன் சுருங்கும், துணிக்குத் துணி மாறும், 3 பர்சென்ட் வச்சா 103 ஆயிடும், 5 வச்சா 101. லாங்ஆர்ம்ல போடணும்னா நாலு பக்கமும் 4 இஞ்ச் கூடுதல் வேணும், அப்ப உங்க 92க்கு 100 டாப்புக்கு 100க்கு 108 பேக்கிங். அகலத்துல 100 வேணும், உங்ககிட்ட 101லேர்ந்து 103 இருக்கு, சரியா பத்துது, ஆனா டாப் இன்னும் ரெண்டு இஞ்ச் அகலமா இருந்திருந்தா இழுபறி ஆயிருக்கும். நீளத்துல 108 இஞ்ச்னா சரியா 3 யார்டு, சுருங்கறதுக்கும் கோணல் நிமித்தறதுக்கும் சேத்து 3.5 யார்டு வாங்குங்க. அந்த அரை யார்டுக்கு யோசிக்காதீங்க. இன்னொண்ணு, டிசைனுக்கு மேல் கீழ் இருந்தா அது பெரும்பாலும் கரைக்கு இணையா நீளவாக்குல ஓடும், உங்க டாப்புக்கு அது ஒத்துவரும். கரைலேர்ந்து கரைக்குக் குறுக்கா படுத்த மாதிரி ஓடற டிசைன வாங்கிட்டா துணிய திருப்பிப் போட வேண்டி வரும், அப்ப 108 அகலத்துல 108 இஞ்ச் வேணும், அது முடியாது.

கோணல் நிமித்தறதுனு சொன்னேன்ல, அது என்னனு ஒரு கதை சொல்றேன். சில வருஷம் முன்னாடி ஒருத்தங்க டாப்புக்காக நானே ஒரு அகலத் துணி தேடி வாங்கினேன், கருநீலத்துல கை அகல இலை, பச்சையும் மஞ்சளும், பாத்ததும் அப்டியே மனசுல ஒட்டிகிட்டது. 3 யார்டு வேணும், 3 யார்டுதான் வாங்கினேன். மேஜைல விரிச்சு, ஓரத்துல கத்தரில ஒரு சின்ன வெட்டு போட்டு, நூல் பிடிச்சு கரைலேர்ந்து கரைக்கு கிழிச்சேன். கிழிச்சு முடிச்சு பாத்தா ஒரு கரைல ஒரு இஞ்ச் போயிருக்கு, மறு கரைல ஆறு இஞ்ச் போயிருக்கு. அதாவது கடைல கத்தரி வச்சு நேரா வெட்டினது துணியோட நூலுக்கு நேர் இல்ல, துணி போல்ட்ல சுத்தும்போதே சாஞ்சிருக்கு. மறு முனையும் அதே மாதிரிதான். 108 இஞ்ச் நீளம்னு நான் நம்பினது 101க்கு பக்கத்துல வந்து நின்னுச்சு. மேலயும் கீழயும் வேற துணில பட்டை ஜாயிண்ட் பண்ணித்தான் அந்த குவில்ட்ட முடிச்சேன், அவங்க பெருந்தன்மையா ஏத்துகிட்டாங்க, ஆனா அந்த இலைய வெட்டி ஒட்டினது எனக்கு இன்னிக்கும் உறுத்துது. அகலத் துணில இது அடிக்கடி நடக்கும், 44 இஞ்ச்ல அரை இஞ்ச் சாய்வா இருக்கறது 108ல ரெண்டரை மடங்கா வந்து நிக்கும், நாலா மடிச்சு போல்ட்ல சுத்தறதால கண்ணுக்கும் தெரியாது. கத்தரி வெட்ட நம்பாதீங்க, நூல் பிடிச்சு கிழிச்சுப் பாத்தாதான் உண்மை தெரியும்.

கிழிச்சா துணி நேராயிடும், ஆனா பிரிண்ட் நேராகும்னு உத்தரவாதம் கிடையாது. சாஞ்ச நிலைல இருக்கற துணி மேல அச்சடிச்சா, பாவும் ஊடையும் (நீள நூலும் குறுக்கு நூலும்) நேரானப்புறம் டிசைன் சாஞ்சு நிக்கும். பூ, இலை, மேகம்னா யாருக்கும் தெரியாது. கோடு, கட்டம், பெரிய சதுரம்னா ஓரத்துல பைண்டிங் (விளிம்பு சுத்தித் தைக்கற பட்டை) பக்கத்துல ஒரு மூலைல முழு கட்டம், மறு மூலைல பாதி கட்டம்னு அப்பட்டமா காட்டிக் குடுத்துடும். அதனால 108 இஞ்ச்ல பளிச்னு கட்டம் போட்டத கண்டா ஆசைப்பட்டாலும் தொடாதீங்கனு உறுதியா சொல்வேன். எல்லாப் பக்கமும் திரும்பிக் கிடக்கற பெரிய பூதான் பாதுகாப்பு. கூடவே இன்னொண்ணு, பெரிய டிசைன டாப்போட நடுவுக்கு நேரா பேக்கிங் நடு வர்ற மாதிரி நிறுத்தறேன்னு லாங்ஆர்ம்ல யாரும் வாக்கு குடுக்க மாட்டாங்க, டாப்பும் பேக்கிங்கும் தனித்தனி ரோலர்ல சுத்தி வரும், கொஞ்சம் கொஞ்சம் நகரும். ஒரு இஞ்ச் ரெண்டு இஞ்ச் தள்ளினா பரவால்லங்கற டிசைனா எடுங்க.

மடிப்பு பத்தி. நாலா மடிச்ச துணில நடுவுல ஒரு மடிப்புத் தழும்பு இருக்கும், வெளிர் துணில அது சுருக்கம் மட்டும்தான், அழுத்தமான கலர்ல அந்தக் கோட்டுல சாயமே தேஞ்சு வெளுத்திருக்க வாய்ப்பு உண்டு. ரொம்ப நாள் கடைல இருந்த போல்ட்னா நிச்சயம் பாக்கணும். வந்தவுடனே வெட்டாம வெளிச்சத்துல விரிச்சு மடிப்பு கோட்டு மேல விரல வச்சு நீளம் முழுக்க பாத்துட்டு வாங்க, வெளுத்திருந்தா அப்பவே திருப்பி அனுப்புங்க, வெட்டினப்புறம் யாரும் வாங்க மாட்டாங்க. வெறும் சுருக்கம்னா தண்ணி தெளிச்சு ஈரமாக்கி கொஞ்ச நேரம் விட்டு அயர்ன் பண்ணா போயிடும், லேசா கஞ்சி சேத்தா இன்னும் நல்லது, துணியும் விறைப்பா நின்னு மெஷின்ல இழுபடாம இருக்கும்.

சாயம். உங்க டாப்ல வெள்ளை இருக்கு, அதனால இத விடவே கூடாது. கருப்பு, கருநீலம், சிவப்பு மூணும்தான் அதிகமா சாயம் விடும். ஒரு மூலைய நனைச்சு வெள்ளைத் துணிய மேல வச்சு சூடா அயர்ன் பண்ணுங்க, வெள்ளைல கறை வந்தா அந்தத் துணிய துவைக்காம மெஷின் பக்கமே கொண்டுபோகாதீங்க. நிறைய சுடுதண்ணில, சோப்பு தாராளமா போட்டு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசணும், ஈரத்தோட மடிச்சு ஓரமா போடவே கூடாது, மிச்ச சாயம் அப்டியே பக்கத்துல ஏறும். உப்பு, வினிகர் போட்டா சாயம் நிக்கும்னு சொல்றவங்க இருக்காங்க, இப்ப கடைல வர்ற காட்டன்ல இருக்கற சாயத்துக்கு வினிகர் ஒண்ணும் பண்ணாது, அத நம்பி வெள்ளைய பலி குடுக்காதீங்க. குவில்ட் முடிஞ்சு முதல் தடவ துவைக்கும்போது தண்ணில விடற சாயத்த இழுத்துக்கற கலர் கேட்சர் ஷீட் ரெண்டு மூணு போடுங்க. துவைக்காமயே தைக்கலாமா, துவைச்சுட்டு தைக்கலாமாங்கறதுல குவில்ட் பண்றவங்க நடுவுல சண்டையே நடக்கும், டாப்பும் துவைக்காதது பேக்கிங்கும் துவைக்காததுனா சேந்து சுருங்கி அந்த நெளிநெளியான பழைய குவில்ட் அழகு வரும், எனக்கும் அது பிடிக்கும். ஆனா பளிச்னு அழுத்தமான கலர்னா நான் துவைக்கற கட்சி. பெரிய துணிய துவைக்கறதுக்கு முன்னாடி வெட்டின ரெண்டு ஓரத்தையும் ஜிக்ஜாக் அடிச்சிடுங்க, இல்லேனா நூல் பிரிஞ்சு கயிறா முறுக்கிகிட்டு வெளிய வரும், அதுலயே ரெண்டு இஞ்ச் போயிடும்.

இன்னொரு விஷயம், இத யாரும் முன்கூட்டி யோசிக்கறதில்ல. பின்னாடி கருப்புல பெரிய பூ, முன்னாடி வெள்ளை இடம் நிறைய, நடுவுல வைக்கற பஞ்சு விரிப்பு, அதாவது பேட்டிங், மெல்லிசா இருந்தா வெள்ளை வழியா பூ நிழலா தெரியும். இருட்டு ரூம்ல தெரியாது, பகல் வெளிச்சத்துல ஜன்னல் பக்கம் போட்டா அழுக்குப் படிஞ்ச மாதிரி இருக்கும். துணிய வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற ஏதாவது கருப்பும் வெள்ளையும் கலந்த துணிய அடில வச்சு, மேல நீங்க போடப் போற பேட்டிங், அதுக்கு மேல டாப்போட வெள்ளைப் பகுதினு மூணையும் அடுக்கி ஜன்னல்ல பிடிச்சுப் பாருங்க. தெரிஞ்சா கொஞ்சம் தடியான பேட்டிங் போடுங்க, இல்லேனா முழுக் கருப்பு பின்னணிய விட்டுட்டு ஆரஞ்சு மாதிரி நடுத்தர கலர் பின்னணி எடுங்க. பேட்டிங் கலரையும் யோசிங்க, வெள்ளை பேட்டிங்ல பஞ்சு இழை மெதுவா ஊசி ஓட்டை வழியா பின்னாடி கருப்பு மேல வந்து மீசை மாதிரி நிக்கும். கருப்பு பேட்டிங் போட்டா அது தெரியாது, ஆனா முன்பக்க வெள்ளை மங்கும். உங்க டாப்புக்கு வெள்ளை பேட்டிங்கேதான் சரி, இழை அதிகம் வராத நல்ல ரகமா பாத்து எடுங்க.

பெட்ஷீட் போடலாமானு கேட்டீங்க. வேண்டாம்னு ஒரேயடியா சொல்றவங்க கூட நான் சேர மாட்டேன், போட்டு நல்லா வந்த குவில்ட்ட நானே முடிச்சுக் குடுத்திருக்கேன். பிரச்சனை நெருக்கத்துல இருக்கு. குவில்ட்டிங் காட்டன்ல ஒரு இஞ்ச்ல பாவு 60லேர்ந்து 70, ஊடையும் அதே அளவு, ரெண்டும் சேத்தா 120லேர்ந்து 140. ஷீட்ல 200, 300, 400னு போட்டிருப்பாங்க, அது பாவையும் ஊடையையும் சேத்து எண்ணின கணக்கு. நெருக்கமா இருந்தா ஊசி நூல ஒதுக்கிட்டு போக முடியாம நூலையே குத்தி அறுக்கும், தையல் விடும், டப் டப்னு சத்தமே மாறும், பிரிக்க வேண்டி வந்தா ஓட்டை மூடாது. அதனால ஷீட்தான்னா 200 சுத்தி இருக்கற பெர்கேல்ங்கற சாதா நெசவு ஷீட், 100 பர்சென்ட் காட்டன், புது ஊசி, கூரான ரகம். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம், டாப் சுருங்கும் அது சுருங்காது. கையால குவில்ட் பண்றவங்களுக்கு ஷீட்லயும், மெழுகு வச்சு சாயம் போடற பாட்டிக் துணிலயும் விரல் நோகும்னு அவங்களே சொல்வாங்க, அது அவங்க அனுபவம், என்னோடது இல்ல.

ஆனா ஷீட்ட விட நல்ல யோசனை ஒண்ணு இருக்கு, டூவே கவர், அதாவது மெத்து மெத்துனு இருக்கற கம்பளிக்குப் போடற பை மாதிரி உறை. ஷீட் பெரும்பாலும் அடக்கமான கலர்லதான் வரும், டூவே கவர்ல தான் பெரிய பூ, பெரிய இலைனு அடிச்சு விளையாடுவாங்க, ஏன்னா அதுதான் கட்டில் மேல கண்ணுக்குத் தெரியறது. ஒண்ண பிரிச்சா ரெண்டு பெரிய துண்டு கிடைக்கும், சிலதுல அடிப்பக்கம் வேற கலர்ல இருக்கும், அதுவும் பயன்படும். 90க்கு 90 கவர்னா ஒரு துண்டு உங்களுக்குப் பத்தாது, ரெண்டையும் ஜாயிண்ட் பண்ணா ஒரே ஒரு தையல்ல நீளம் வந்துடும், அகலத்துக்குப் பத்தாதத மிச்சத் துணில பட்டை வெட்டி பக்கவாட்டுல சேத்துக்கலாம். வாங்கறதுக்கு முன்னாடி தையல் ஓரத்த திருப்பிப் பாருங்க, பின்பக்கத்துல கலர் எவ்ளோ இறங்கியிருக்குனு. பின்பக்கம் வெள்ளையா இருந்தா மை மேலாப்ல மட்டும்தான் உக்காந்திருக்கு, கருப்பு இடத்துல ஊசி குத்தின ஒவ்வொரு இடத்துலயும் வெள்ளைப் புள்ளி தெரியும், பிரிச்சா வரிசையா புள்ளி நிக்கும். இது டிஜிட்டல் பிரிண்ட் அகலத் துணிக்கும் பொருந்தும். டிஜிட்டல்ல ஸ்க்ரீனே கிடையாது, இருபது கலர் போட்டாலும் கூடுதல் செலவு இல்ல, அதனால பளிச்னு வர்ற புதுத் துணில நிறைய டிஜிட்டல்தான். அழகு அபாரமா இருக்கும், கை வச்சா லேசா விறைப்பு, மாதிரிக்கு கால் யார்டு வாங்கி ஊசி போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அகலத் துணிலயே சாட்டின் நெசவும் உண்டு, சாதா நெசவும் உண்டு. சாட்டின் பளபளனு தொங்கும், கலர் ஆழமா தெரியும், கட்டிலுக்கு அருமை. நூல் மேலாப்ல நீளமா ஓடறதால நகம், பூனை நகம் எல்லாத்துலயும் மாட்டும், வெட்டும்போது வழுக்கும். குழந்தை தரைல இழுத்துட்டுத் திரியற குவில்ட்டுக்கு நான் சாட்டின் சொல்ல மாட்டேன், உங்களோடது கட்டிலுக்குனு தோணுது, எடுக்கலாம். சாதா நெசவு அகலத் துணில சிலது குவில்ட்டிங் காட்டன விட தளர்வா இருக்கும், வெளிச்சத்துல பிடிச்சா சல்லடை மாதிரி தெரிஞ்சா விட்டுடுங்க, பேட்டிங் இழை அதுல சுலபமா வெளிய வரும்.

ஒருவேளை மனசுக்குப் பிடிச்ச பூ 44 இஞ்ச்ல மட்டும் இருந்தா? ஜாயிண்ட்ட வெறுக்காதீங்க, கணக்க மட்டும் போட்டுடுங்க. உபயோக அகலம் 42 வச்சா உங்களுக்கு மூணு பட்டை வேணும். பட்டை மேலேர்ந்து கீழ ஓடினா 108 இஞ்ச் மூணு தடவ, 324 இஞ்ச், 9 யார்டு. குறுக்கா ஓடினா 100 இஞ்ச் மூணு தடவ, 300 இஞ்ச், கிட்டத்தட்ட 8.5 யார்டு, ஆனா பூவுக்கு மேல் கீழ் இருந்தா எல்லாம் படுத்துக்கும். பெரிய பூவ ஜாயிண்ட்ல பொருத்தணும்னா ரெண்டு தையலுக்கும் ஒவ்வொரு ரிப்பீட் கூட வேணும், 24 இஞ்ச் ரிப்பீட்னா இன்னும் 48 இஞ்ச், 9 யார்டு கிட்டத்தட்ட 10.5 ஆயிடும். 3.5 யார்டு அகலத் துணி யார்டுக்கு ரெண்டு மடங்கு விலைனாலும் மொத்தத்துல மலிவு எதுனு உங்களுக்கே தெரியும். பொருத்தறதுனா ஒரு பட்டையோட ஓரத்த அரை இஞ்ச் மடிச்சு அயர்ன் பண்ணி, அடுத்த பட்டை மேல டிசைன் சேர்ற இடத்துல வச்சு, மடிப்புக்குள்ள துவைச்சா போற பசைய மெல்லிசா தடவி ஒட்டி, அப்புறம் மடிப்பு கோட்டு மேலயே தைங்க, பூ வெட்டின இடமே தெரியாது. கரைய வெட்டிடணும், கரை நெருக்கமா நெய்தது, மத்த துணியோட சேந்து சுருங்காம தையல இழுக்கும். தைச்சப்புறம் ரெண்டு பக்கமும் பிரிச்சு அயர்ன் பண்ணா ஊசிக்கு மேடு தட்டாது.

பொருத்தவே வேணாம்னா இன்னொரு வழி, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்தப் பூத் துணில ஒரே ஒரு பட்டை 3.25 யார்டு எடுத்து, நட்ட நடுவுல இல்லாம கொஞ்சம் ஓரம் தள்ளி மேலேர்ந்து கீழ விடுங்க, ரெண்டு பக்கமும் அழுத்தமான ஆரஞ்சோ கருப்போ ப்ளெயின். அகலத் துணில ப்ளெயின் சுலபமா கிடைக்கும். பூ 42 இஞ்ச்ல மட்டும் நிக்கறதால முழுக்க விரிச்சத விட அழுத்தமா தெரியும், வேணும்னே பண்ண மாதிரி இருக்கும், அதான் உண்மையும்.

குவில்ட் தையல் தெரியணுமா வேணாமாங்கறதையும் இப்பவே முடிவு பண்ணுங்க, துணி அத வச்சுதான் எடுக்கணும். கலர் நிறைஞ்ச பெரிய பூ மேல என்ன அழகான டிசைன் குவில்ட் பண்ணாலும் பின்னாடி தெரியாது, தப்பும் தெரியாது. ப்ளெயின்னா ஒவ்வொரு தையலும் தெரியும், நூல் இழுப்பு (டென்ஷன்) சரியில்லேனா மேல் நூல் புள்ளியா எட்டிப் பாக்கும். மேல வெள்ளை நூல், கீழ கருப்பு நூல்னு ரெண்டையும் ரொம்ப வேற கலரா போட்டா எவ்ளோ சரி பண்ணாலும் எங்கயாவது புள்ளி வரும், பூவுல இருக்கற ஒரு நடுக் கலர ரெண்டுக்கும் போடச் சொல்லுங்க. உங்க டாப்புக்கு சாம்பலோ, மங்கல் ஆரஞ்சோ ஒத்துவரும்னு தோணுது, துணி கைக்கு வந்தப்புறம் நூல மேல வச்சுப் பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும்.

லாங்ஆர்ம் காரங்க கிட்ட குடுக்கும்போது பேக்கிங்ல மேல் பக்கம் எதுனு ஒரு பின்னும் துண்டுச் சீட்டும் குத்தி அனுப்புங்க, பெரிய பூவ தலைகீழா ஏத்திட்டா முடிச்சப்புறம்தான் தெரியும். 4 இஞ்ச் கூடுதல் பத்தலேனா பக்கவாட்டுல 3 போதுமானு முன்னாடியே கேளுங்க, மெஷினுக்கு மெஷின், ஆளுக்கு ஆள் மாறும். அப்புறம் துணி ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை, டாப்ப தரைல விரிச்சு அகலத்த மேல, நடுவுல, கீழனு மூணு இடத்துல அளங்க. 92ங்கறது நடுவுல எடுத்ததா ஓரத்துல எடுத்ததானு நீங்க எழுதல, பார்டர் நெளிஞ்சிருந்தா ஓரத்துல 94 வரும், 101 இஞ்ச் துணிக்கு அந்த ரெண்டு இஞ்ச்தான் கணக்கு. அளந்துட்டு சொல்லுங்க, எத்தனை யார்டு, எந்தப் பக்கம் ஓட விடணும்னு சேந்து போட்டுடலாம்.